ஓடையில் இறங்க எந்த வேடர்ஸ்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

ட்ரௌட் மீனுக்காக ஓடையில் இறங்குபவர்கள் அணியும் நீர்புகாக் கால்சட்டைதான் வேடர்ஸ். இதைப் பற்றி வந்திருக்கும் கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே கவலையைச் சுற்றியவை: எதை வாங்கினால் நாள் முழுக்க உறுத்தாமல் இருக்கும்? ஏரிக்கரையில் ஒரே இடத்தில் நின்று தூண்டில் போடுபவருக்கு ஏற்றது ஓடைக்கு ஏற்காது. ஓடையில் ஒரு மடுவிலிருந்து அடுத்த மடுவுக்கு நடக்க வேண்டும், பாறை ஏற வேண்டும், மண்டியிட வேண்டும், விழுந்த மரத்தைத் தாண்ட வேண்டும். ஆகவே வேடர்ஸை முதலில் நடப்பதற்கான உடையாகப் பாருங்கள். நனையாமல் காப்பது அதற்கடுத்த வேலை. கீழே உள்ள பதில்களுக்கு அடிப்படை அதுதான்.

கேள்வி: முதன்முறையாக வாங்கப் போகிறேன். தொடை வரை, இடுப்பு வரை, மார்பு வரை என்று மூன்று உயரம் சொல்கிறார்கள். நியோப்ரீனா, பிரீதபிளா என்பது வேறு குழப்பம். ஒன்றே ஒன்றுதான் வாங்குவேன். எது?

மார்பு உயரம், பிரீதபிள் துணி, பூட்ஸ் தனியாக. ஒன்றே ஒன்று என்றால் இதைத் தவிர வேறு எதையும் சொல்ல மாட்டோம்.

தொடை வரை வருவது லேசாகத்தான் இருக்கும். முழங்காலுக்குக் கீழே ஓடும் சிற்றோடையில் போதும். ஆனால் ஓடையின் அடித்தளம் சமமாக இருப்பதில்லை. முழங்கால் ஆழத்தில் நடந்துகொண்டிருக்கும்போதே அடுத்த அடி இடுப்பளவுக் குழியில் விழலாம். அப்போது மேல்விளிம்பு வழியாக நீர் புகுந்துவிடும். ஈரப் பாறையில் உட்கார்ந்தாலும் பின்புறம் நனையும். இடுப்பளவு வேடர்ஸ் வெயில் காலத்துக்கும் ஆழமில்லாத ஓடைக்கும் அருமையானது. தோளில் பட்டை இருக்காது, மார்பில் புழுங்காது. ஆனால் மார்பளவு வேடர்ஸின் மேல்பகுதியைச் சுருட்டி இடுப்பில் கட்டினால் அதுவும் இடுப்பளவு ஆகிவிடும். இடுப்பளவை ஒருநாளும் மார்பளவாக்க முடியாது.

இனி துணி. நியோப்ரீன் என்பது நுண்ணிய மூடிய குமிழ்கள் கொண்ட ரப்பர் நுரை. 3 முதல் 5 மில்லிமீட்டர் தடிமன் வழக்கமாகக் கிடைக்கிறது. அந்தக் குமிழ்களில் அடைபட்ட காற்று சூட்டைக் காக்கும். உறைகுளிரில் அசையாமல் நிற்பவருக்கு நல்லது. அதைப் போட்டுக்கொண்டு ஒரு கிலோமீட்டர் நடந்தால், ஓடைக்குள் இறங்கும் முன்பே உள்ளே வியர்வையில் நனைந்துவிடுவீர்கள். பிரீதபிள் துணியில் நீரைத் தடுத்து வியர்வை ஆவியை மட்டும் வெளியே விடும் மெல்லிய சவ்வு ஒன்று இரண்டு நைலான் அடுக்குகளுக்கு நடுவே ஒட்டப்பட்டிருக்கும். இதற்கென்று தனியாகச் சூடு கிடையாது. குளிருக்கு ஏற்ப உள்ளே அணிவதைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம், வருடம் முழுக்கப் பயன்படும். மேலே மூன்று அடுக்கு, முழங்காலுக்கும் உட்காரும் இடத்துக்கும் நான்கு அல்லது ஐந்து அடுக்கு என்று இருப்பதைப் பாருங்கள். தேய்வது அங்கேதான்.

பிவிசி பூசிய துணியும் நீர் புகாதுதான். ஆனால் ஆவியும் வெளியேறாது. வருடத்தில் இரண்டு முறை மட்டும் இறங்குபவருக்கு அது போதும்.

கேள்வி: பூட்ஸோடு ஒட்டியே வருவது வசதியாகத் தெரிகிறது. ஏன் எல்லோரும் தனியாக வாங்கச் சொல்கிறார்கள்?

பூட்ஸ் ஒட்டியே வருவது பூட்ஃபுட். போடவும் கழற்றவும் ஒரு நிமிடம் போதும். பாதத்துக்குள் காற்று கொஞ்சம் அதிகம் இருப்பதால் குளிரிலும் இதமாக இருக்கும். மணற்கரையிலும் சேற்றிலும் அதுவே சிறந்தது. ஆனால் ரப்பர் பூட்ஸ் கணுக்காலை இறுக்கிப் பிடிக்காது. உருண்டைக் கற்கள் மீது நடக்கும்போது பூட்ஸ் ஒரு பக்கம் போகும், பாதம் உள்ளே இன்னொரு பக்கம் போகும். கணுக்கால் பிசகுவதும் குதிகாலில் கொப்புளம் வருவதும் இதனால்தான்.

ஸ்டாக்கிங்ஃபுட் வகையில் வேடர்ஸின் நுனியில் நியோப்ரீன் சாக்ஸ் இருக்கும். அதன் மேல் கயிறு கட்டும் வேடிங் பூட்ஸ் அணிய வேண்டும். கணுக்காலுக்குப் பிடிமானம் கிடைக்கும். பூட்ஸ் தேய்ந்தால் பூட்ஸை மட்டும் மாற்றலாம், வேடர்ஸ் கிழிந்தால் வேடர்ஸை மட்டும். கற்கள் நிறைந்த ட்ரௌட் ஓடைக்கு இதுதான்.

கேள்வி: உயரத்துக்கும் இடுப்புக்கும் பார்த்துத்தான் வாங்கினேன். நிற்கும்போது சரியாக இருக்கிறது. கரை ஏறும்போது தொடையிடுக்கில் இழுக்கிறது, பட்டை தோளை அழுத்துகிறது. அடுத்த முறை எப்படி அளவு பார்ப்பது?

நிற்கும்போது சரியாக இருந்தது என்பதில்தான் பிழை. வேடர்ஸை நின்று பார்த்து வாங்கக் கூடாது.

முதலில் நான்கு அளவுகளை எடுங்கள்: மார்புச் சுற்று, வயிறும் இடுப்பும் சேர்ந்த பகுதியில் மிக அகலமான இடத்தின் சுற்று, தொடையிடுக்கிலிருந்து தரை வரை நீளம், பாத அளவு. குளிர்நாளில் உள்ளே என்ன அணிவீர்களோ அதை அணிந்துகொண்டே டேப்பைச் சுற்றுங்கள். வழக்கமான பேன்ட் அளவைச் சொல்லி வாங்குவது பெரும்பாலும் தவறிலேயே முடியும். பேன்ட் இடுப்பெலும்பில் நிற்கும். வேடர்ஸ் வயிற்றையும் தாண்டி மேலே போகும்.

கடையிலோ வீட்டிலோ போட்டுப் பார்க்கும்போது உள்ளாடை அடுக்குகள், தடித்த சாக்ஸ், பூட்ஸ், இடுப்பு பெல்ட் எல்லாவற்றையும் மாட்டிக்கொள்ளுங்கள். தோள்பட்டையை நடக்கும்போது வைப்பது போலச் சரிசெய்யுங்கள். பிறகு இவற்றைச் செய்து பாருங்கள்.

சாதாரண நாற்காலி ஒன்றின் மீது ஒரு காலைத் தூக்கி வையுங்கள். இருக்கை ஏறக்குறைய 45 செ.மீ. உயரம் இருக்கும், கரை ஏறும்போது எடுக்கும் பெரிய அடியும் அவ்வளவுதான். துணி முழங்காலில் இறுகினால் காலின் அகலம் போதாது. தொடையிடுக்கில் இழுத்தால் மேலுடல் நீளம் போதாது அல்லது பட்டையை மேலே இழுத்து வைத்திருக்கிறீர்கள். முதலில் பட்டையை இரண்டு விரல் அளவு தளர்த்திவிட்டு மறுபடி காலைத் தூக்குங்கள். அப்போதும் இழுத்தால் அந்த அளவு உங்களுக்கு ஆகாது.

அடுத்து முழுவதும் குந்தி உட்காருங்கள். பின்புறத் தையல் விறைக்கக் கூடாது. ஒரு முழங்காலை மட்டும் தரையில் ஊன்றிப் பாருங்கள். மீனை நீரிலேயே விடுவிக்க நாள் முழுக்க இப்படித்தான் உட்காருவீர்கள்.

கடைசியாகக் கணுக்காலைப் பாருங்கள். பலரும் பார்க்கத் தவறும் இடம் இது. பூட்ஸுக்கு மேலே துணி இரண்டு மூன்று மடிப்பாகக் குவிந்திருந்தால் கால் நீளம் கூடுதல். ஒவ்வோர் அடியிலும் அந்த மடிப்புகள் ஒன்றோடொன்று உரசும். இடையில் நுண்மணல் புகுந்தால் உப்புத்தாள் வைத்துத் தேய்த்தது போலாகும். சில மாதங்களில் சரியாக அந்த மடிப்புக் கோட்டிலேயே கசிவு தொடங்கும். நீளம் குறைந்தாலும் ஆபத்துதான்: ஒவ்வோர் அடியும் நியோப்ரீன் சாக்ஸும் கால்துணியும் சேரும் தையலை இழுத்துக்கொண்டே இருக்கும்.

இரண்டு அளவுகளுக்கு நடுவே விழுந்தால் சுற்றளவுக்குப் பெரியதை எடுங்கள், நீளத்தில் ‘குட்டை’ வகை கிடைக்கிறதா என்று பாருங்கள். ஒரே சுற்றளவில் குட்டை, நெட்டை, பருமன் என்று பிரித்துத் தரும் தயாரிப்பாளர்கள் பலர் உண்டு. அதே சமயம், தொளதொளவென்று எடுத்துவிடாதீர்கள். கூடுதல் துணி முழுவதையும் நீரோட்டம் பிடித்து இழுக்கும். வேகமான ஓட்டத்தில் அந்த இழுவை கால்களில் நன்றாகத் தெரியும்.

கேள்வி: நான் பெண். ஆண்களுக்கான சின்ன அளவு வாங்கினேன். இடுப்பில் இறுக்கம், பாதத்தில் தொளதொளப்பு. சின்னச் சின்ன மாற்றம் செய்து சமாளிக்கலாமா?

சமாளிக்க வேண்டாம், பெண்களுக்கென்று தைத்த வேடர்ஸுக்கு மாறுங்கள். நியோப்ரீன் பாதத்தை வெட்டிச் சிறிதாக்க முடியாது. பெரிய பாதத்தில் மிஞ்சும் நியோப்ரீன் பூட்ஸுக்குள் மடிந்து விரலடியில் கட்டையாக நிற்கும். கொப்புளமும் வரும், அந்த அழுத்தத்தால் ரத்த ஓட்டம் குறைந்து விரல்கள் சில்லிட்டும் போகும். பெண்களுக்கான வேடர்ஸில் இடுப்பு அகலமாகவும் பாதம் சிறியதாகவும் இருக்கும், மார்புப் பகுதியின் வடிவமும் வேறு. தோள்பட்டையைக் கழற்றாமலே பின்பகுதியை மட்டும் இறக்கும் கொக்கி சில வகைகளில் உண்டு. ஓடைக்கரையில் சிறுநீர் கழிக்க வேண்டி வரும்போது அதன் அருமை தெரியும். அதற்காகத் தண்ணீரே குடிக்காமல் நாளை ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள், உடம்புக்கு அது நல்லதில்லை.

கேள்வி: உள்ளே மூன்று சாக்ஸ் போட்டும் பாதம் மரத்துப்போகிறது. தண்ணீர் புகவில்லை. ஏன்?

மூன்று சாக்ஸ் போட்டதால்தான்.

நீர், காற்றைவிட 25 மடங்கு வேகமாகச் சூட்டை உறிஞ்சும். அதைத் தடுப்பது சாக்ஸ் நூலுக்கு நடுவே நிற்கும் காற்று. மூன்று சாக்ஸைத் திணித்து இறுக்கிக் கயிறு கட்டினால் அந்தக் காற்று பிதுங்கிப் போய்விடும். பாதத்துக்கு வரும் ரத்தமும் குறையும். ஒரு மெல்லிய செயற்கை இழைச் சாக்ஸ், அதன் மேல் ஒரு தடித்த கம்பளிச் சாக்ஸ், அவ்வளவே. பருத்தி வேண்டாம். அது வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும்.

பூட்ஸ் அளவும் காரணமாக இருக்கும். வேடர்ஸின் நியோப்ரீன் சாக்ஸே 3 முதல் 4 மில்லிமீட்டர் தடிமன். வேடிங் பூட்ஸ் செய்பவர்களில் சிலர் இந்தத் தடிமனைக் கணக்கில் எடுத்துத்தான் அளவு எண் போடுகிறார்கள். சிலர் உங்கள் வழக்கமான அளவைவிட ஒன்று பெரியதை வாங்கச் சொல்கிறார்கள். எண்ணை நம்பாமல் முழு உடையோடு மாட்டிப் பாருங்கள். கயிறு கட்டிய பிறகு விரல்கள் ஐந்தையும் தாராளமாக ஆட்ட வேண்டும், குதிகால் மேலே எழும்பக் கூடாது. சரிவான இடத்தில் கீழ்நோக்கி நின்றால் பெருவிரல் முன்னால் முட்டக் கூடாது.

காரிலிருந்து ஓடைக்கு நீண்ட நடை இருந்தால், வியர்த்த சாக்ஸை ஓடைக்கரையில் மாற்றிவிட்டு இறங்குங்கள். அந்த ஒரு வேலை பல மணி நேரக் குளிரைத் தவிர்க்கும்.

கேள்வி: அடிப்பகுதி ஃபெல்ட் வேண்டுமா, ரப்பர் வேண்டுமா? ஃபெல்ட்டுக்குத் தடை என்று கேள்விப்பட்டேன்.

ஃபெல்ட் என்பது இழைகளை அழுத்திச் செய்த தடித்த துணி. பாசி படிந்த வழுவழுப்பான பாறையில் அது நன்றாகப் பிடிக்கும். அதன் இழைகள் கல்லின் நுண்ணிய மேடுபள்ளங்களில் படிந்து உட்காரும். ஈரப் புல்லிலும் சேற்றுச் சரிவிலும் அதுவே சறுக்கும். பனியில் நடந்தால் அடியில் பனிக்கட்டி திரண்டு ஒட்டிக்கொள்ளும். ரப்பர் அடிப்பகுதி நடைக்கு நல்லது, பாசிக் கல்லில் தனியாக நம்ப முடியாது. அதில் டங்ஸ்டன் கார்பைடு ஆணிகளைத் திருகினால் நிலைமை மாறும். குதிகால் விளிம்பிலும் முன்பாத விளிம்பிலும் பரவலாகப் பொருத்துங்கள். நடுவில் மட்டும் குவித்தால் கால் அதன் மேல் உருளும். ஆணி பூட்ஸோடு படகில் ஏறாதீர்கள். தளமும் கிழியும், மழமழப்பான தளத்தில் வழுக்கவும் செய்யும்.

தடை உண்மைதான், இடத்துக்கு இடம் மாறும். ஃபெல்ட் எளிதில் காயாது. அதன் இழைக்குள் தங்கும் பாசியும் நுண்ணுயிரும் ஓர் ஆற்றிலிருந்து இன்னொன்றுக்குப் பயணம் செய்யும். நியூசிலாந்தில் 2004-ல் டிடிமோ என்ற பாசி கண்டுபிடிக்கப்பட்டது. கல்லின் மேல் பழைய கம்பளி போலப் படர்ந்து அடித்தளத்தையே மூடிவிடும் பாசி இது. அங்கே 2008-ல் ஃபெல்ட் அடிப்பகுதிக்குத் தடை வந்தது. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவிலும் 2018 முதல் தடை. போகும் இடத்தின் மீன்பிடி விதியைப் படித்துவிட்டு வாங்குங்கள். எங்கள் பரிந்துரை ஆணி பொருத்திய ரப்பர். தடை இல்லாத இடத்திலும் அதுவே.

எந்த அடிப்பகுதி ஆனாலும், ஓர் ஆற்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது மண்ணையும் பாசியையும் சுரண்டிக் கழுவுங்கள். தொட்டால் ஈரம் தெரியாத அளவுக்குக் காய்ந்த பிறகும் 48 மணி நேரம் காயவிடுங்கள். வாரம் இரண்டு ஆறுகளுக்குப் போகிறவர் இரண்டு ஜோடி பூட்ஸ் வைத்துக்கொள்வது நல்லது.

கேள்வி: புது பிரீதபிள் வேடர்ஸ். மாலையில் கழற்றினால் உள்ளே ஈரம். ஏமாந்துவிட்டேனா?

முதலில் ஈரம் எங்கே இருக்கிறது என்று தொட்டுப் பாருங்கள். முன்கால், தொடையின் பின்புறம், இடுப்பு என்று இரண்டு கால்களிலும் ஒரே மாதிரி மெலிதான ஈரமாக இருந்தால் அது வியர்வை. ஒரு காலில் மட்டும், ஒரு புள்ளியில் தொடங்கிக் கீழ்நோக்கி வழிந்தது போல இருந்தால் அது ஓட்டை. ஒரு பக்கச் சாக்ஸ் மட்டும் பிழியும் அளவுக்கு நனைந்திருந்தால் பாதத் தையலைச் சந்தேகியுங்கள்.

வியர்வை என்றால் சவ்வின் இயல்பைப் புரிந்துகொள்ள வேண்டும். ஆவி, சூடும் ஈரப்பதமும் அதிகமுள்ள உட்பக்கத்திலிருந்து இவை குறைந்த வெளிப்பக்கத்துக்குப் போகும். நீருக்குள் மூழ்கியிருக்கும் பகுதியில் இது மிகக் குறைவாகவே நடக்கும். நீருக்கு மேலே உள்ள பகுதிதான் வேலை செய்யும். மழைக்கோட்டை வேடர்ஸுக்கு மேலே இறுக்கிப் போட்டால் அந்த வழியும் அடைபடும்.

உள்ளே ஜீன்ஸ் அணிந்திருந்தீர்களா? அப்படியென்றால் காரணம் தெரிந்துவிட்டது. பருத்தி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், சவ்வு வரை ஆவி போகவே போகாது. உடம்போடு ஒட்டும் மெல்லிய மெரினோ கம்பளி அல்லது பாலியெஸ்டர், குளிர் நாளில் அதன் மேல் ஃப்ளீஸ் பேன்ட். தடித்த ஒன்றைவிட மெல்லிய இரண்டு மேல்.

வெளித்துணியையும் பாருங்கள். புதிதில் நீர் முத்து முத்தாக உருண்டு விழும். அந்தப் பூச்சு தேய்ந்தபின் வெளித்துணி நீரை உறிஞ்சி நிறம் கருத்துவிடும். உள்ளே தண்ணீர் வராது, ஆனால் ஈரத்துணி சவ்வை மூடிக்கொள்வதால் ஆவி நின்றுபோகும், காலும் சில்லென்றிருக்கும். இதைத்தான் பலர் ஓட்டை என்று நினைத்துக்கொள்கிறார்கள். கழுவிக் காயவைத்து நீர்விலக்கி ஸ்ப்ரே அடித்தால் சரியாகிவிடும்.

கேள்வி: ஓட்டைதான் என்று தெரிந்துவிட்டது. ஆனால் எங்கே என்று கண்ணுக்குத் தெரியவில்லை. எப்படிக் கண்டுபிடித்து அடைப்பது?

முள்கம்பியோ முட்செடியோ குத்திய துளை ஊசிமுனை அளவுதான் இருக்கும், வெளியிலிருந்து பார்த்தால் அகப்படாது. வேடர்ஸை முழுக்கக் காயவையுங்கள். உள்ளே வெளியாகத் திருப்புங்கள். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை ஸ்ப்ரே பாட்டிலில் எடுத்து, ஈரம் வந்த இடத்தைச் சுற்றி உட்பக்கத்தில் அடித்துக் கையால் பரப்புங்கள். துளை உள்ள இடத்தில் ஆல்கஹால் சவ்வைத் தாண்டி இறங்குவதால் மிளகளவுக் கரும்புள்ளி தோன்றும். தையலோரம் கசிந்தால் புள்ளியாக இல்லாமல் கோடாகத் தெரியும். சில நொடிகளில் ஆவியாகி மறைந்துவிடும் என்பதால் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டே பாருங்கள், தெரிந்த உடனே சுற்றி வட்டம் போடுங்கள். சன்னலைத் திறந்து வையுங்கள், அருகில் நெருப்பு கூடாது. நியோப்ரீனில் இந்த வழி பலிக்காது, பிரீதபிளிலும் எல்லாச் சவ்விலும் புள்ளி தெளிவாகத் தெரியாது. அப்படிப்பட்டதில் இருட்டறையில் உள்ளே டார்ச்சை விட்டுப் பாருங்கள். அல்லது காலுக்குள் நீர் நிரப்பித் தொங்கவிட்டு, வெளியே எங்கே முத்து துளிர்க்கிறது என்று பாருங்கள்.

அடைக்க யூரித்தேன் பசை வேண்டும். சாதாரண ரப்பர் பசையும் உடனே ஒட்டும் பசையும் காய்ந்ததும் விறைத்து, கால் மடங்கும்போது உரிந்துவிடும். குறித்த இடத்தை ஆல்கஹாலால் துடைத்துக் காயவிட்டு, உட்பக்கத்தில் துளியளவு பசை வைத்து, துளையைச் சுற்றி அரை சென்டிமீட்டர் தாண்டும்படி மெல்லிய வட்டமாகத் தேயுங்கள். தடிமனாக வைப்பதில் பயன் இல்லை, ஓரம் தூக்கிக்கொள்ளும். ஓர் இரவு அசைக்காமல் விடுங்கள். வெயிலில் வைத்தால் ஒரு நிமிடத்துக்குள் இறுகும் புறஊதாப் பசையும் உண்டு. ஒரு குழாய் பையில் இருந்தால் ஓடைக்கரையிலேயே வேலை முடிந்துவிடும், துணி காய்ந்திருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

ஒரு சென்டிமீட்டருக்கு மேல் கிழிந்திருந்தால் பசை மட்டும் தாங்காது. அதே வகைத் துணியில் மூலைகளை வட்டமாக வெட்டிய ஒட்டு போடுங்கள். கூர் மூலை இருந்தால் அங்கிருந்துதான் உரியும்.

கேள்வி: வேடர்ஸுக்குள் தண்ணீர் நிரம்பினால் ஆளைக் கீழே இழுத்துக்கொண்டு போய்விடும் என்கிறார்கள். உண்மையா?

நீருக்குள் இருக்கும் நீருக்கு எடை இல்லை, எனவே வேடர்ஸுக்குள் புகுந்த நீர் உங்களைக் கீழே இழுக்காது. ஆபத்து வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது. படகின் பாய்மரத் துணியைக் காற்று தள்ளுவது போல, நிரம்பிப் புடைத்த வேடர்ஸை நீரோட்டம் பிடித்துத் தள்ளும், நீந்த விடாது. அடுத்தது, கரை ஏறும்போது உள்ளே இருக்கும் நீர் முழு எடையோடு காலில் தொங்கும்.

அதனால் பெல்ட். இடுப்புக்குச் சற்று மேலே, உள்ளே இரண்டு விரல் மட்டும் நுழையும் இறுக்கத்தில். விழுந்தால் நீர் புகுவது மெதுவாகும். பெல்ட் கட்டாமல் நீரில் ஓர் அடியும் வைக்காதீர்கள். முழங்கால் ஆழம்தானே என்று நினைக்கும்போதும் கட்டுங்கள். மார்புப் பகுதியை மடித்து இடுப்புக்கு இறக்கினாலும் அதன் மேல் பெல்ட் இருக்க வேண்டும்.

விழுந்துவிட்டால் மல்லாந்து படுங்கள். பாதங்கள் நீர் போகும் திசையில், முழங்கால் லேசாக மடங்கி, நீர்மட்டத்துக்கு அருகில் இருக்கட்டும். கையால் துழாவிக் கரைநோக்கிச் சாய்வாக வாருங்கள். பிட்டம் தரை தட்டும் ஆழம் வரும் வரை எழுந்து நிற்க முயலாதீர்கள். ஓட்டத்தில் அவசரமாகக் காலை ஊன்றினால் கல்லிடுக்கில் பாதம் சிக்கி, நீரின் அழுத்தம் உடம்பை முன்னால் கவிழ்த்துவிடும். கரையை அடைந்ததும் படுத்துக் காலை உயர்த்துங்கள், தண்ணீர் வடிந்துவிடும்.

நீரில் நடக்கும்போது கையில் ஓர் ஊன்றுகோல் வைத்துக்கொண்டு, அதை நீர் வரும் பக்கம் ஊன்றுங்கள். கோல், ஒரு கால், மறுகால்: மூன்றில் ஒன்று மட்டுமே ஒரு நேரத்தில் நகரட்டும். காலைக் குறுக்கே போடாமல் தேய்த்துத் தேய்த்து நகருங்கள். கடக்கும்போது நீரோட்டத்தோடு சற்றுச் சாய்வாகக் கீழ்நோக்கிப் போங்கள். வேகமான ஓட்டத்தில் தொடைக்கு மேல் நீர் வந்தால் திரும்பிவிடுங்கள். மார்பளவு வேடர்ஸ் என்பதற்காக மார்பளவு ஆழத்தில் இறங்க வேண்டியதில்லை.

கேள்வி: கோடையில் வேடர்ஸ் அவசியமா?

இல்லை. நீர் இதமாக இருந்தால் விரைவில் காயும் அரைக்கால்சட்டை, 2 அல்லது 3 மில்லிமீட்டர் நியோப்ரீன் சாக்ஸ், அதே வேடிங் பூட்ஸ் போதும். பூட்ஸின் வாயை மூடும் கிராவல் கார்டு மட்டும் கட்டாயம், இல்லையென்றால் சிறுகல் புகுந்து குதிகாலை அறுத்துவிடும். பூட்ஸ் வேடர்ஸோடு போட வாங்கியது என்பதால் மெல்லிய சாக்ஸில் தளர்ந்துவிடும். நியோப்ரீன் சாக்ஸ் அந்த இடைவெளியை நிரப்பும்.

ஒரு வெப்பமானியைக் கயிற்றில் கட்டிப் பையில் வைத்திருங்கள். ட்ரௌட் குளிர்நீர் மீன். நீர் 20 டிகிரி செல்சியஸைத் தொட்டால் அதற்கு மூச்சுத் திணறல்தான். அந்த நீரில் பிடித்துப் போராட்டத்துக்குப் பின் விடுவித்த மீன் நீந்திப் போவது போலத் தெரிந்தாலும் பிறகு செத்துப்போகக் கூடும். நமக்கு வேடர்ஸ் இல்லாமல் நிற்க இதமாக இருக்கும் பிற்பகல்களில் பலவும் மீனுக்குக் கெட்ட நேரம். அதிகாலையில் போய், வெயில் ஏறும் முன் தூண்டிலைச் சுருட்டிவிடுங்கள்.

கேள்வி: நாம் ஓடைக்குள் நடப்பதால் மீன் முட்டைகளுக்குச் சேதம் வருமா?

வரும். பிரவுன் ட்ரௌட் இலையுதிர் காலத்திலும் ரெயின்போ பெரும்பாலும் வசந்தத்திலும் சரளைக் கல்லில் குழி பறித்து முட்டையிட்டு மூடும். அந்த முட்டைகள் வாரக்கணக்கில், குளிர்நீரில் மாதக்கணக்கில் அங்கேயே கிடக்கும். பெண்மீன் வாலால் அடித்துப் புரட்டியதால் சுற்றிலும் கருத்த கல்லுக்கு நடுவே பாசியில்லாமல் பளிச்சென்று வெளுத்த ஓர் இடம் தெரியும். அதுதான் கூடு. அதன் மேலோ, அதற்குச் சற்றுக் கீழே குவிந்திருக்கும் சரளை மேட்டிலோ கால் வைக்காதீர்கள். முட்டைகள் பெரும்பாலும் அந்த மேட்டுக்குள்தான் இருக்கும். அந்தப் பருவத்தில் கரையோரமாக நடந்து, பெரிய கல் உள்ள இடங்களில் மட்டும் கடந்து போங்கள்.

கேள்வி: முன்பக்க ஜிப் வைத்தது வாங்கலாமா?

போடவும் கழற்றவும், ஆண்களுக்குச் சிறுநீர் கழிக்கவும் பெரிய வசதி. நீர்புகா ஜிப் கனமானது, விலையையும் கூட்டும். பல்லில் மணல் சிக்கினால் இழுக்காமல் முதலில் கழுவுங்கள். அதற்கென்று வரும் உயவுக் களிம்பை முனைகளில் அவ்வப்போது தடவுங்கள். நுனிவரை முழுக்க மூடாத ஜிப் கசியும், நீரில் இறங்கும் முன் விரலால் தொட்டுப் பார்க்கும் பழக்கம் வேண்டும்.

கேள்வி: பருவம் முடிந்து மடித்து வைத்தேன். திறந்தால் பூஞ்சை வாடை, முழங்காலில் வெள்ளைக் கோடு.

ஈரத்தோடு மடித்ததால் பூஞ்சை. ஒரே மடிப்பில் மாதக்கணக்கில் கிடந்ததால் சவ்வு அடுக்கு பிரியத் தொடங்கியிருக்கிறது. வாடையைப் போக்கலாம். குளிர்நீரில் மென்மையான சோப்பு போட்டுக் கையால் கழுவி, இரண்டு மூன்று முறை அலசுங்கள். ப்ளீச்சும் துணி மென்மையாக்கியும் தொடவே கூடாது. வெளிப்பக்கம் காய்ந்தபின் உள்ளே வெளியாகத் திருப்பி, நிழலில் காற்றோட்டமாகத் தொங்கவிடுங்கள். பாதம் கடைசியாகக் காயும். நியோப்ரீன் சாக்ஸுக்குள் விரலைவிட்டு நுனிவரை தடவிப் பார்த்த பிறகே எடுத்து வையுங்கள்.

அடுக்கு பிரிந்தது திரும்ப ஒட்டாது. அந்தக் கோட்டில் ஆல்கஹால் சோதனை செய்து, கசிந்தால் கோடு முழுவதும் உட்பக்கம் மெல்லிய பசைப்பூச்சு கொடுத்தால் இன்னும் கொஞ்ச காலம் ஓடும். அடுத்த வேடர்ஸை மடிக்காமல் தொங்கவிடுங்கள், இடமில்லையென்றால் தளர்வாகச் சுருட்டி வையுங்கள். பூட்ஸ் மாட்டும்போதும் கழற்றும்போதும் காலடியில் ஒரு பாய் விரித்துக்கொள்ளுங்கள். நியோப்ரீன் பாதத்தோடு வெறும் சரளையில் நிற்பதால் வரும் துளைகள் முட்செடி குத்தி வருவதைவிட அதிகம்.